நாளொன்றுக்கு ஆறு நாழி

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவருக்கு அறிவுரை கூறாத பெரியவரைக் காண்பது அரிது. சிக்கனமாக இரு, கடன் வாங்காதே, சினிமாவைக் குறை, நேரத்தை வீணாக்காதே என்று வீட்டிலும் பேருந்து நிலையத்திலும் வகுப்பறையிலும் ஓதிக்கொண்டே இருக்கிறோம். ஆசிரியப் பணியில் இருக்கும் நாமும் ஆண்டுதோறும் வகுப்புகள் தொடங்கும் வாரத்தில் இந்தப் பல்லவியைத் தவறாமல் பாடி வருகிறோம். ஆனால் ஒரு மாணவர் ஒரு நாள் பசியாறி, உடல் நலம் பேணி, இரவில் விளக்கேற்றிப் படிப்பதற்கு என்னென்ன வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கை நம்மில் எத்தனை பேர் போட்டுப் பார்த்திருப்போம்?

போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். போட்டதோடு நில்லாமல், பின்வருவோர் மாற்றிவிடக் கூடாதென்று கல்லில் வெட்டியும் வைத்திருக்கிறார்கள். சோழர் காலக் கல்லூரிகளைப் பற்றிப் பேசும்போது அங்கு என்ன கற்பிக்கப்பட்டது என்பதையே நாம் பெரிதும் விரித்துரைக்கிறோம். அந்தக் கல்வெட்டுகள் பெரிதும் கவலைப்படுவதோ மாணவர் என்ன உண்டார்கள் என்பதைப் பற்றி. அந்தக் கவலையைச் சற்று ஊன்றிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணாயிரத்துக் கணக்கு

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள எண்ணாயிரம் என்னும் ஊர், சோழர் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர் பெற்றிருந்தது. இவ்வூர்ப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு (11ஆம் நூற்றாண்டின் முற்பகுதி) 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்வி நிலையத்தைப் பற்றிப் பேசுகிறது. அதன் செலவுக்கென 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது.

மாணவர்கள் இரு நிலையினர். வேதங்களையும் 'ரூபாவதாரம்' என்ற தொடக்கநிலை வடமொழி இலக்கண நூலையும் பயின்ற இளையோர் 270 பேர். வியாகரணம், பிரபாகர மீமாம்சை, வேதாந்தம் ஆகியவற்றைப் பயின்ற மூத்தோர் 70 பேர். இளைய மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல். மூத்த மாணவருக்கு ஒரு குறுணி இரு நாழி. எட்டு நாழி கொண்டது ஒரு குறுணி ஆதலால் இது 10 நாழி ஆகிறது.

நெல்லுக்கும் அரிசிக்கும் உள்ள விகிதமாகச் சோழர் காலக் கோயில் கணக்குகளில் ஐந்துக்கு இரண்டு என்பதைப் பரவலாகக் காணலாம். அதன்படி 6 நாழி நெல், குத்தினால் 2 நாழிக்குச் சற்று மேற்பட்ட அரிசியாகும். 10 நாழி நெல் 4 நாழி அரிசியாகும். அன்று நெல் உணவாக மட்டும் இருக்கவில்லை, பணமாகவும் புழங்கியது. எனவே படியாகப் பெற்ற நெல்லில் ஒரு பகுதியே உலைக்குப் போய், எஞ்சியது உப்பாகவும் புளியாகவும் மோராகவும் மாறியிருக்க வேண்டும் என்று கருதலாம்.

இனி ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். இந்நிலையத்தின் ஆண்டுச் செலவு 10,506 கலம் நெல். இதில் மாணவர் பங்கு எவ்வளவு? ஆண்டுக்கு 360 நாள், கலத்துக்கு 12 குறுணி என்று கொண்டால், இளையோர் 270 பேருக்கு 6,075 கலம், மூத்தோர் 70 பேருக்கு 2,625 கலம், ஆக 8,700 கலம். அதாவது மொத்த நெல்லில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் மாணவர் வயிற்றுக்கே போயிருக்கிறது! கட்டடத்துக்கும் நிருவாகத்துக்கும் போக மிச்சமிருந்தால் மாணவருக்கு என்று கணக்கெழுதிப் பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கிறது.

நெல்லோடு பொன்னும் உண்டு. ஆண்டுக்கு அறுபத்தொன்றரைக் கழஞ்சு. வியாகரணம் கற்பிப்பவருக்கும் மீமாம்சை கற்பிப்பவருக்கும் நூலின் அத்தியாயக் கணக்கில் முறையே 8 கழஞ்சும் 12 கழஞ்சும், ஆசிரியர் 13 பேருக்கு ஆளுக்கு அரைக் கழஞ்சும் போக, எஞ்சிய 35 கழஞ்சு மூத்த மாணவர் 70 பேருக்கும் தலைக்கு அரைக் கழஞ்சாகப் பங்கிடப்பட்டது. அன்றாடத்துக்கு நெல், ஆண்டுக்கொருமுறை பொன் என்ற இந்த இரட்டை ஏற்பாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

எண்ணெயும் பாயும் விளக்கும்

உணவு மட்டும் போதுமா? காஞ்சிபுரம் அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கலக்கும் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்தில் (ஏறத்தாழ 1067) பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டு இக்கேள்விக்கு விடை தருகிறது. பெருமாள் கோயிலின் சனநாத மண்டபத்தில் ஒரு பள்ளியும் அதனுடன் விடுதியும் மருத்துவமனையும் இயங்கின. விடுதியில் மாணவரும் பிறருமாக 60 பேர் உண்டனர். அவர்களுக்குச் சோறு மட்டுமா? படுக்கப் பாய், இரவில் எரிக்க விளக்கெண்ணெய், சனிக்கிழமை தோறும் முழுக்குக்கு எண்ணெய் என அனைத்துக்கும் அங்கே நிவந்தம் உண்டு.

மருத்துவமனைக்கு வீரசோழன் என்று பெயர். 15 படுக்கைகள். மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்பவர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்டிர் என்று ஊழியர்களும், ஆண்டு முழுமைக்கும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அந்தக் கல்வெட்டிலேயே உள்ளன.

சனிக்கிழமை எண்ணெய்க்கு வருவோம். வாரத்தில் ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் அன்று பிற்பகலில் எந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்ய முடியும்? அது பெரும்பாலும் உறக்கத்துக்கும் ஊர்க்கதைக்கும் உரிய நாளாகவே இருந்திருக்கும். ஓய்வு என்பது படிப்பிலிருந்து திருடிக்கொள்ளும் நேரம் என்று திருமுக்கூடலில் கணக்கெழுதியவர் நினைத்ததாகத் தெரியவில்லை. நெல்லுக்கும் விளக்குக்கும் போலவே அதற்கும் ஒரு செலவினத்தை எழுதி வைத்திருக்கிறார்.

நேரத்தைக் காத்த ஊர்

புதுச்சேரிப் பகுதியில் உள்ள திரிபுவனையின் கல்வெட்டு (முதலாம் இராசாதிராசன் காலம், 1048) இன்னுமொரு செய்தியைச் சேர்க்கிறது. இங்கு மாணவர் 260 பேர், ஆசிரியர் 12 பேர், நிலம் 72 வேலி. எண்ணாயிரத்தைவிட மாணவர் குறைவு, நிலம் அதிகம். ஆனால் நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. இங்குள்ள ஆசிரியரும் மாணவரும் ஊர் வாரியங்களில் பணியாற்றுவதிலிருந்து விலக்களிக்கப்பட்டார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊராட்சியின் வேலை முழுவதும் வாரியங்கள் வழியே நடந்த காலம் அது. வாரியப் பணி பெருமைக்குரியது. அப்பெருமையே வேண்டாம், படிப்பவர் படிக்கட்டும் என்று ஊர் முடிவு செய்திருக்கிறது. நெல் கொடுத்துவிட்டு நேரத்தைப் பிடுங்கிக்கொண்டால் கொடுத்தது வீண் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பலர் கூடி வாழுமிடத்தில் சச்சரவும் வரும். இதற்குச் சான்றாக இரு நூற்றாண்டுகள் முந்திய தென்கோடிச் செப்பேடு ஒன்றைப் பார்க்கலாம். ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 866இல் நிறுவிய சாலையில், காந்தளூர்ச் சாலையை ஒட்டி 95 சட்டர்களுக்கு இடம் வகுக்கப்பட்டது. சட்டர் என்போர் அங்கு தங்கிப் பயின்றவர்கள். ஒருவரையொருவர் ஏசினாலும் அடித்தாலும் தண்டம், அவைக்குப் படைக்கலம் கொண்டுவரலாகாது, தங்குமிடத்தில் பெண்டிரை வைத்துக்கொள்ளலாகாது என்று அச்செப்பேடு விதிக்கிறது. விதி எழுதப்பட்டிருக்கிறது என்றால் அதை மீறியவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? விடுதிக் காப்பாளராகப் பணியாற்றிய நண்பர்கள் இப்பகுதியைப் படித்தால் புன்முறுவல் பூப்பார்கள்.

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, காந்தளூர்ச் சாலையில் அவன் 'கலம்' அறுத்ததைப் போற்றுவது நம் வாசகர்கள் அறிந்ததே. கலம் என்பது மரக்கலம் என்பாரும் உண்டு, உண்கலம் என்பாரும் உண்டு. இரண்டாவது பொருளே சரியென்றால், மாமன்னன் ஒருவனின் முதல் புகழே ஒரு விடுதியின் சாப்பாட்டு உரிமையைப் பற்றியதாகிவிடும்! வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் சோற்றுக் கலத்தின் கணக்கு அரசியலாகக்கூடியது என்பதை ஆய்வாளர் சிலர் நம்பத் தகுந்ததாகக் கொண்டிருக்கிறார்கள் என்பதே கருதத்தக்கது.

பட்டியலில் இல்லாதவர்கள்

இவ்வளவையும் வியந்து எழுதிவிட்டு இங்கேயே முடித்துக்கொண்டால் அது நேர்மையாகாது. எண்ணாயிரத்தில் 6 நாழி பெற்ற 270 பேரும் அந்தணச் சிறுவர்கள். அங்கு கற்பிக்கப்பட்ட பாடங்களில் தமிழ் இல்லை. பெண்கள் இல்லை. அந்த 45 வேலியை உழுது 10,506 கலத்தை விளைவித்தவர்களின் பிள்ளைகளும் இல்லை. கற்கும் பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்பதை அவ்வளவு நுணுக்கமாக உணர்ந்திருந்த ஒரு சமுதாயம், எந்தப் பிள்ளை கற்கலாம் என்பதையும் அவ்வளவே இறுக்கமாக வரையறுத்திருந்தது. படி நெல்லை அளக்கத் தெரிந்த கை, பந்தியில் கோடு போடவும் தெரிந்ததுதான்.

இந்தக் கோடு நீண்ட காலம் அழியவில்லை. 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்க மாயூரம் சென்றபோது, உ.வே. சாமிநாதையருக்கு முதலில் எதிர்ப்பட்ட சிக்கல்களில் ஒன்று யாப்போ அணியோ அல்ல, எங்கே உண்பது என்பதுதான். குரு ஒரு சாதி, மாணவர் ஒரு சாதி. பாடம் கேட்கும் இடம் ஒன்றாகவும் உண்ணும் இடம் வேறாகவும் இருந்தன. அவர் தொடர்ந்து படித்ததற்குத் திருவாவடுதுறை மடத்தின் ஆதரவு எத்துணை உதவியது என்பதை 'என் சரித்திரம்' படித்தோர் அறிவர்.

அரை நூற்றாண்டு கழித்து, வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு அந்தணச் சிறுவர்களுக்குத் தனியே உணவளிக்கப்பட்டதை ஒட்டி 1924, 25ஆம் ஆண்டுகளில் எழுந்த போராட்டம் தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. அதே காலகட்டத்தில்தான் பந்தியை விரிக்கும் முயற்சிகளும் தொடங்கின. 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் சிற்றுணவு வழங்க முடிவு செய்தது. 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு, ஆதிதிராவிடர், பிற்பட்டோர் நல விடுதிகள், 2022இலும் 2024இலும் முறையே மாணவியருக்கும் மாணவருக்கும் மாதம் ரூ.1,000 என்று தொடங்கப்பட்ட உயர்கல்வி உதவித் திட்டங்கள் என்று அந்தக் கோடு சிறிது சிறிதாக அழிக்கப்பட்டது. எண்ணாயிரத்துக் கணக்கை, எண்ணாயிரம் கருதியே பாராத பிள்ளைகளுக்கும் நீட்டிய வரலாறு என்று இதனைக் கூறலாம்.

உதவித்தொகை நின்ற ஒருவர்

படி நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்று உண்டு. சீனிவாச இராமானுசன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாமையால் அத்தொகை நின்றது. தொகை நின்றதும் படிப்பும் நின்றது. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் அவரால் தேர்ச்சி பெற இயலவில்லை. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் ரூ.75 ஆராய்ச்சி உதவித்தொகை அளித்த பிறகுதான் வயிற்றைப் பற்றிய கவலையின்றி அவரால் கணக்குப் போட முடிந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளை யார் ஈடு செய்வது?

1919 சனவரியில், நோயுற்று இங்கிலாந்தில் இருந்தபோது, தமக்கு ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்த அதே பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். ஆண்டுதோறும் 50 பவுன் பெற்றோருக்குப் போக, தம் செலவும் போக எஞ்சுவதை ஏழைச் சிறுவர்களின் கல்விக்குப் பயன்படுத்துமாறு அதில் கேட்டுக்கொண்டார். உதவித்தொகை நின்றால் என்ன ஆகும் என்பதை நேரில் அறிந்தவரின் கணக்கு அது.

மாணவர்களுக்குச் சில சொற்கள்

இனி, இக்கட்டுரையைப் படிக்கும் கல்லூரி மாணவர்களோடு சற்றுப் பேசலாம்.

முதலாவது, எண்ணாயிரத்தார் மாதக் கணக்கு எழுதவில்லை, நாள் கணக்கு எழுதினார்கள். வீட்டிலிருந்தோ வேலையிலிருந்தோ வரும் தொகையை மொத்தமாகப் பார்த்தால் அது எப்போதும் பெரிதாகவே தோன்றும். மெஸ் பில்லையும் பேருந்துக் கட்டணத்தையும் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீந்ததை முப்பதால் வகுத்துப் பாருங்கள். அந்தச் சிறிய எண்தான் உங்கள் ஆறு நாழி. செல்பேசியில் தொட்டால் பணம் போய்விடும் இந்நாளில், கை நோகாமல் செலவாவதால் கணக்கு இன்னும் அவசியமாகிறது. பல அரசுக் கல்லூரி விடுதிகளில் மாதச் செலவைத் தலைக்குப் பங்கிடும் 'டிவைடிங் சிஸ்டம்' உண்டு. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு மாதம் மெஸ் பொறுப்பை ஏற்றுப் பாருங்கள். அரிசி மூட்டையின் விலையும் எரிவாயு உருளையின் விலையும் தெரிந்தவரை எந்தக் கடன் செயலியும் எளிதில் ஏமாற்ற முடியாது.

இரண்டாவது, பொன். நெல்லை உண்ணலாம், பொன்னை உண்ணலாகாது. அரசின் கல்வி உதவித்தொகை பெரும்பாலும் காலந்தாழ்ந்து, மொத்தமாக வந்து சேர்கிறது. வருமுன்பே அதை நம்பிக் கடன் வாங்குவதும், வந்த வாரத்திலேயே அது கரைந்துபோவதும் நாம் ஆண்டுதோறும் காண்பவை. தேர்வுக் கட்டணம், நூல்கள், அடுத்த பருவத்துக் கட்டணம் ஆகியவற்றுக்கான அரைக் கழஞ்சு அது என்று கொள்ளுங்கள்.

மூன்றாவது, நேரம். முகூர்த்த நாள்களில் நம் வகுப்புகளின் வருகைப் பதிவேடு மெலிந்துவிடுவதுண்டு. கேட்டரிங் வேலைக்குச் சென்று இரவெல்லாம் பந்தி பரிமாறிவிட்டு, மறுநாள் முதல் பாடவேளையில் கண் செருகும் மாணவர்களை நாம் நன்கு அறிவோம். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் தம் ஆறு நாழியைத் தாமே ஈட்டுகிறவர்கள். அவர்களிடம் நாம் சொல்வது ஒன்றுதான். எத்தனை இரவுகள் என்பதற்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்திய மாதத்தை மட்டுமாவது திரிபுவனை மாணவரைப் போல எல்லா வாரியங்களிலிருந்தும் விடுவித்துக்கொள்ளுங்கள். கட்சிக்காரருக்கும் நற்பணி மன்றத்தாருக்கும் அந்த ஒரு மாதம் இல்லை என்று சொல்லப் பழகுங்கள்.

நான்காவது, சனிக்கிழமை. வாரத்தில் ஒரு பொழுதை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். நூலகமோ விளையாட்டுத் திடலோ ஆற்றங்கரையோ, வெறும் உறக்கமோ எதுவாயினும் சரி. அதற்காகக் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நாள் முழுவதும் அரை அரை நாழிகையாகச் செல்பேசித் திரையில் சிந்திவிட்டு, ஓய்வே இல்லை என்று வருந்துவதில் பொருளில்லை. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகச் சிந்தினால் முழுக்குக்கு மிஞ்சாது.

ஐந்தாவது, கேட்கத் தயங்காதீர்கள். எண்ணாயிரத்தில் படி வாங்கியவர் எவரும் அதைப் பிச்சையாகக் கருதியிருக்க மாட்டார். ஊர் தன் நிலத்தை எழுதிவைத்து அளித்த உரிமை அது. விடுதி இடமும் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் அவ்வாறே உங்கள் உரிமை. விண்ணப்பிக்கும் கடைசி நாளைத் தவறவிட்ட பின் ஆசிரியர் அறை வாசலில் நிற்பதைவிட, சேர்ந்த முதல் வாரமே வந்து கேட்பது நல்லது.

சக ஆசிரியர்களிடம் சொல்வதற்கும் ஒன்று இருக்கிறது. மாணவர் ஒருவர் தொடர்ந்து வரவில்லையென்றால், தண்டத்தொகையைப் பற்றிப் பேசுமுன் சாப்பிட்டாயா என்று கேட்போம். எண்ணாயிரத்து மகாசபையார் கல்லில் முதலில் கேட்டிருப்பது அந்தக் கேள்வியைத்தான்.

விழுப்புரம் பக்கம் செல்லும் வாசகர்கள் ஒருமுறை எண்ணாயிரம் சென்று வாருங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கு படித்த 340 மாணவர்களில் ஒருவர் பெயரையும் நாம் அறியோம். அவர்கள் நாளொன்றுக்கு எத்தனை நாழி நெல் பெற்றார்கள் என்பதை மட்டும் ஆயிரம் ஆண்டு கழித்தும் அறிகிறோம்.